கறிவேப்பிலைச் செடியும் கடல்நீர்த் தொட்டியும்

செமஸ்டர் பரீட்சை முடிந்து ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை. சோம்பேறித்தனம் ஒரு காரணம். இன்னொரு காரணம், வீட்டு முன்னறையில் இருக்கும் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதற்குக் கீழே இரவு பகலாக நுரை தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயும். அந்தக் குழாயின் பெயர் புரோட்டீன் ஸ்கிம்மர். அதனால் நான் பட்ட பாட்டைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

ராஜபாளையத்துக்காரன் என்றதும் வெளியூர் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுல நாய் இருக்கா?" இல்லை. மீன் இருக்கிறது. அதுவும் கடல் மீன். கடலோ எங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடிப் பக்கம் பஸ்ஸில் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே கடலை நானே வீட்டில் கலக்க வேண்டியிருந்தது.

"உப்புதானேடா, கல்லுப்பைப் போட்டுக் கலக்கு. எதுக்கு இவ்வளவு காசு குடுத்துப் பாக்கெட் வாங்குற?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. ஆனால் உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் ஜிப்சம் படிந்துவிடும். அதாவது கால்சியத்தில் பெரும்பகுதி அங்கேயே போச்சு. அப்புறம்தான் நாம் சாப்பிடும் உப்பு படியும். மெக்னீசியம் எல்லாம் மிச்சக் கசப்பு நீரில் நின்றுவிடும். கல்லுப்பைக் கரைத்தால் கிடைப்பது உப்புத் தண்ணீர்தான், கடல்நீர் இல்லை. மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பில் இவை எல்லாவற்றையும் அளவாகச் சேர்த்திருப்பார்கள். கணக்கு எளிது: லிட்டருக்குச் சுமார் 35 கிராம். என் தொட்டியும் கீழே இருக்கும் சம்ப் தொட்டியும் சேர்ந்து 120 லிட்டர். ஆக 4,200 கிராம். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பருப்பு நுரை

புரோட்டீன் ஸ்கிம்மர் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள சமையலறைக்குப் போனால் போதும். துவரம்பருப்பு கொதிக்கும்போது மேலே ஒரு நுரை பொங்கும். அம்மா அதைக் கரண்டியால் வழித்து எடுத்துப் போடுவார். பருப்பிலிருந்து கரைந்த புரதமும் வேறு சிலதும் காற்றுக்குமிழியின் மேல் போய் ஒட்டிக்கொள்வதால் வரும் நுரை அது. இந்த மாதிரி மூலக்கூறுகளுக்கு ஒரு பக்கம் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு பக்கம் பிடிக்காது. அதனால் தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடமாகப் பார்த்து நின்றுகொள்ளும்.

தொட்டியிலும் அதே கதைதான். மீன் கழிவு, மிச்சத் தீனி எல்லாம் தண்ணீரில் கரைகிறது. சும்மா விட்டால் அது அழுகி அம்மோனியா ஆகும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும், பிறகு நைட்ரேட்டாக்கும். ஸ்கிம்மர் அந்த ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அழுக்கைப் பிடித்து வெளியே தள்ளப் பார்க்கிறது. ஒரு பம்ப் தண்ணீரையும் காற்றையும் கலந்து பொடிப்பொடிக் குமிழிகளாக்கி ஒரு குழாய்க்குள் விடும். குமிழிகள் அழுக்கைச் சுமந்து மேலே ஏறும். மேலே கழுத்து மாதிரி ஒரு குறுகலான பாகம். அதில் நுரை ஏறி, வழிந்து, ஒரு கப்பில் விழும். கப்பைக் கழற்றி ஊற்றிக் கழுவினால் வேலை முடிந்தது. நன்னீர்த் தொட்டியில் இது சரிப்படாது. நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். உப்புத் தண்ணீரில் அவ்வளவு சுலபமாகச் சேராது.

2019 நவம்பர் கடைசியில் சென்னைக் கடற்கரையில் வெள்ளை வெளேரென்று நுரை ஒதுங்கியதும், குழந்தைகள் அதில் குதித்து விளையாடியதும் ஞாபகம் இருக்கிறதா? சாக்கடையும் சோப்பு நீரும் கடலில் கலக்க, அலைகள் அதை அடித்து நுரையாக்கிக் கரையில் தள்ளின. கடலும் தன் ஸ்கிம்மர் வேலையைப் பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். கப்பைக் கழுவத்தான் ஆள் இல்லை.

நம் ஊரில் ஸ்கிம்மர் ரொம்பவே முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாடுகளில் பலர் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையைத் தொட்டியில் வைப்பார்கள். அதில் இருக்கும் பாக்டீரியாக்களே பாதி வேலையைச் செய்துவிடும். ஜெர்மனியில் பிரபலமான பெர்லின் முறை என்பதே உயிர்ப்பாறையும் ஸ்கிம்மரும் சேர்ந்ததுதான். இங்கே பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-லிருந்து கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு கல்லைக் கொண்டுவருவதும் குற்றம். குற்றம் என்பது கிடக்கட்டும், தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே எவ்வளவோ அழித்துவிட்டோம். அதனால் நான் வைத்தது வெறும் காய்ந்த கல். அதில் பாக்டீரியா குடியேறவே ஐந்து வாரம் ஆனது.

புதுச் செருப்பு கடிக்கும்

ஸ்கிம்மர் வாங்கிய காசு என் சொந்தச் சம்பாத்தியம். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வகுப்பு நண்பனின் அப்பா பால்கோவா போடுகிறார். லீவில் அங்கே போய் ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுத்தேன். அரைமணி நேர பஸ் பயணம், மாதச் சம்பளம், போதாததற்குத் தினமும் ஒரு கை பால்கோவா. பி.காம். படித்ததற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஏப்ரல் முதல் வாரத்தில் ஸ்கிம்மரை மாட்டினேன். ஸ்விட்சைப் போட்ட பத்தாவது நிமிஷம் சலவைக்கல்லில் சோப்புத் தூளைக் கொட்டியது மாதிரி நுரை பொங்கி, கப் நிறைந்து, சம்பில் வழிந்தது. பயந்து நிறுத்தினேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. புது ஸ்கிம்மரின் பிளாஸ்டிக்கில் தொழிற்சாலை எண்ணெய், பசை மிச்சம் எல்லாம் ஒட்டியிருக்கும். அது போகும்வரை சில ஸ்கிம்மர் அளவுக்கு மீறிப் பொங்கும், சிலது ஒன்றுமே தள்ளாது. வினிகர் கலந்த தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவினால் கொஞ்சம் சீக்கிரம் சரியாகும். அப்புறம் உள்சுவர் முழுக்க மெல்லிய வழவழப்பு ஒன்று படிய வேண்டும். அதற்குச் சில நாளும் ஆகலாம், இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான். போட்டு நடந்துதான் பழக்க வேண்டும்.

வினிகர்க் குளியல் முடிந்து மறுபடி மாட்டினால் நேர் எதிர்: நுரை கழுத்துவரை வருகிறது, அங்கேயே நிற்கிறது. கப் காலி. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். புதுத் தொட்டியில் அழுக்கே இல்லையே, எதைத் தள்ளும் என்று யோசிக்கும் பொறுமை எனக்கு இல்லை. ஸ்கிம்மரின் வெளிவாயில் ஒரு வால்வு உண்டு. அதை மூட மூட உள்ளே நீர்மட்டம் உயரும், நுரையும் உயரும். திறந்தால் இறங்கும். நான் மணிக்கொரு தடவை அதைத் திருகினேன். காலையில் கொஞ்சம் மூடுவேன், மதியம் திறப்பேன், ராத்திரி மறுபடி மூடுவேன். எந்தத் திருகலுக்கு எது நடந்தது என்று எனக்கே தெரியாது.

இதைப் பால்கோவா அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து நண்பனிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவன் அப்பா பாலைக் கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு விறகை வெளியே இழுத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இப்ப விறகை இழுத்துட்டேன். சூடு உடனே குறையுதா பாரு. குறையாது. சட்டி இரும்பு, பிடிச்சு வெச்சிருக்கும். குறையலையேன்னு இன்னொரு விறகை இழுத்தா அடுப்பு அவிஞ்சு போயிரும். ஒண்ணை இழுத்தியா, கையைக் கட்டிட்டுப் பாரு."

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். இந்தப் பொறுமைக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் போல.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்தேன்: ஒரு நாளைக்கு ஒரு திருகல், அதுவும் நூலளவு. நோட்டில் தேதி போட்டு எழுதுவது. மே முதல் வாரத்தில் கப்பின் அடியில் கால் அங்குலம் வெளிர் மஞ்சள் தண்ணீர் வந்தது. அதை அம்மாவிடம் காட்டி நான் குதித்ததை இங்கே எழுத முடியாது.

ஜன்னல் வழியாகப் போன குழாய்

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானதும் கோமாளி மீன் வாங்கச் சென்னை கொளத்தூர் போனேன். நீமோ என்றால் எல்லோருக்கும் தெரியும். கடலில் பிடித்தது வேண்டாம், பண்ணையில் பிறந்த ஜோடியே வேண்டும் என்று தேடினேன். நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கும்போது கடலில் போய் ஏன் பிடிக்க வேண்டும்?

கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி இரண்டு தப்பு செய்தேன். கப் இன்னும் சரியாக நிறையவில்லையே என்று வால்வை என் விதியை மீறிக் கால் சுற்று மூடினேன். இது முதல் தப்பு. நான் இல்லாதபோது கப் நிறைந்து தரையில் வழிந்தால் அம்மா திட்டுவாரே என்று, கப்பின் அடியிலிருந்த சின்ன வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி ஜன்னல் வழியாக வெளியே விட்டேன். இது இரண்டாவது. அப்போது இதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொதிகை எக்ஸ்பிரஸில் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் வந்து, ஞாயிறு காலை இரண்டு மீனையும் மூன்று நத்தைகளையும் தொட்டியில் விட்டேன். அவசரத்தில் பையிலிருந்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றிவிட்டேன். மீன் மிரளாமல் இருக்கப் பையில் மருந்து ஏதாவது கலந்திருப்பார்கள். அந்த மாதிரி மருந்து பட்டால் ஸ்கிம்மர் பொங்கித் தள்ளும் என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். உப்பு அளவு பார்த்தேன்: சரியாக 35.

திங்கள் காலை பார்த்தால் சம்பில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. வழக்கமாக ஒரு நாளில் 2 லிட்டர் ஆவியாகும். அன்று கோடு வரை நிரப்ப 10 லிட்டர் பிடித்தது. அக்னி நட்சத்திரம், தண்ணீர் சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேன் வேறு ஓடுகிறது, அதனால்தான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். எனவே நல்ல தண்ணீர் ஊற்றுவதுதான் முறை. ஆர்.ஓ. தண்ணீர் 10 லிட்டர் ஊற்றினேன். செவ்வாயும் 10. புதனும் 10. ஸ்கிம்மர் கப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குழாய்தான் இருக்கிறதே!

புதன் சாயங்காலம் கொல்லையிலிருந்து அம்மா குரல்.

"டேய், இங்க வா. என்னத்தடா ஊத்துன இந்தச் செடிக்கு?"

ஜன்னலுக்குக் கீழே அம்மா வைத்த கறிவேப்பிலைச் செடி. இலையெல்லாம் ஓரம் கருகித் தொங்குகிறது, பாதி உதிர்ந்து கிடக்கிறது. மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

மேலே பார்த்தால் என் குழாய். சொட்டுச் சொட்டாக இல்லை, தாரையாகவே வந்துகொண்டிருந்தது.

உள்ளே ஓடி உப்பு அளவைப் பார்த்தேன். 28-க்கும் 29-க்கும் நடுவில். மூன்று நத்தைகளில் இரண்டு கண்ணாடியை விட்டு விழுந்து மணலில் மல்லாந்து கிடந்தன. மீன்களுக்கு உடம்பில் உப்பைச் சமாளிக்கிற ஏற்பாடு ஓரளவு உண்டு. நத்தைகளுக்கு அந்த வசதி இல்லை. வெளியே உப்பு குறைந்தால் அவற்றின் உடம்புக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அந்த இரண்டும் எழுந்திருக்கவே இல்லை. கோமாளிகள் இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன, தீனி போட்டும் வரவில்லை. சென்னையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த ஜோடி. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

தேய்மானக் கணக்கு

வகுப்புத் தோழர்களே, இது உங்களுக்கு. தினமும் போன 10 லிட்டரில் 2 லிட்டர்தான் ஆவி. மீதி 8 லிட்டரும் உப்போடு குழாய் வழியாகப் போன கடல்நீர். அதற்குப் பதில் நான் ஊற்றியதோ நல்ல தண்ணீர். ஆக 120 லிட்டரில் 8, அதாவது நாளுக்குச் சுமார் 6.7 சதவீத உப்பு காலி. நாம் படித்த குறைந்துசெல் மதிப்பு முறைத் தேய்மானம் அப்படியே பொருந்தும்:

முதல் நாள்: 35-லிருந்து 32.7
இரண்டாம் நாள்: 30.5
மூன்றாம் நாள்: 28.5

4,200 கிராம் உப்பில் கிட்டத்தட்ட 785 கிராம் போயிருந்தது. முக்கால் கிலோவுக்கு மேல் உப்பை ஒரு கறிவேப்பிலைச் செடிக்கு ஊட்டியிருக்கிறேன். சம்பில் மட்டம் இறங்கினால் ஸ்கிம்மருக்குள்ளும் மட்டம் இறங்கி, வழிவது தானாக நின்றிருக்கிறது. நான் காலையில் நிரப்பியதும் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. அதாவது தொட்டி தினமும் எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறது. நான்தான் வாயை அடைக்கிற மாதிரி 10 லிட்டர் ஊற்றியிருக்கிறேன்.

இதில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். அளவுக்கு மீறித் திருகியதுகூடப் பெரிய தப்பில்லை. குழாய் இல்லாவிட்டால் கப் நிறைந்து தரையில் வழிந்திருக்கும், அம்மா திட்டியிருப்பார், அன்றைக்கே வால்வைத் திறந்திருப்பேன். திட்டு வாங்காமல் இருக்கச் செய்த ஏற்பாடுதான் மூன்று நாள் தப்பை மறைத்தது. கணக்குப் புத்தகத்தில் வராத செலவு என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்களே, அது இதுதான்.

சரிசெய்வதற்கும் கணக்குதான் உதவியது. உப்பைப் படாரென்று ஏற்றினால் மீனுக்கு ஆகாது. தினமும் ஆவியாகும் 2 லிட்டருக்குப் பதிலாக நல்ல தண்ணீர் ஊற்றாமல், லிட்டருக்கு 35 கிராம் கலந்த உப்புநீர் ஊற்றினேன். நாளுக்கு 70 கிராம். 785-ஐ 70-ஆல் வகுத்தால் 11 நாள். பதினோரு நாளும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் நாள் பெரிய கோமாளி மூலையை விட்டு வந்து ஒரு துணுக்குத் தீனியைக் கவ்வியது. சின்னது அடுத்த நாள்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

1. முதல் நாள் வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள். அப்புறம் ஒரு நாளுக்கு ஒரு சின்னத் திருகல். நோட்டில் எழுதுங்கள்.

2. சம்பில் ஸ்கிம்மர் நிற்கும் இடத்தின் நீர்மட்டம் மாறக்கூடாது. அது மாறினால் உங்கள் திருகல் எல்லாம் வீண்.

3. கழுத்தின் உட்புறத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடையுங்கள். பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது.

4. கையில் தேங்காய் எண்ணெயோடு தொட்டிக்குள் கைவிடாதீர்கள். நுரை படுத்துவிடும், எழுந்திருக்கச் சில மணி நேரம் ஆகும். பருப்பு பொங்காமல் இருக்க அம்மா ஒரு சொட்டு எண்ணெய் விடுவது இதற்குத்தான்!

5. கரண்ட் போனால் மேல்தொட்டித் தண்ணீர் கொஞ்சம் சம்பில் இறங்கி மட்டம் ஏறும். கரண்ட் வந்ததும் ஸ்கிம்மர் பொங்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று பக்கத்திலேயே இருங்கள்.

6. கப்பில் இருப்பது டீ நிறத்தில் இருந்தால் சரி. பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தால் வால்வைத் திறங்கள். கருப்பாகக் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் மூடலாம்.

7. ஊற்றும் தண்ணீரின் அளவு திடீரென்று கூடினால் வெயிலைக் குறை சொல்வதற்கு முன் உப்பை அளந்து பாருங்கள்.

குழாயை அன்றைக்கே பிடுங்கி எறிந்துவிட்டேன். இப்போது தினமும் காலையில் கப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, மோந்தும் பார்த்து (நாற்றம் தாங்காது, அதுதான் நல்ல அறிகுறி), நிறத்தையும் அளவையும் நோட்டில் எழுதுகிறேன்.

கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு வாரம் குடம் குடமாக நல்ல தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவினேன். அம்மா கருகிய கிளைகளை வெட்டிவிட்டார். பிழைக்காது என்றுதான் நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை அடித்தண்டில் சிவப்பாக ஒரு துளிர் வந்திருந்தது. இனிமேல் அந்த ஜன்னல் பக்கம் எந்தக் குழாயையும் கண்டால் வெட்டிவிடுவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.

இருந்தாலும் காலையில் காபி போட்டுக்கொண்டே அவர்தான் முதலில் கேட்கிறார்: "இன்னிக்கு என்ன கலர்டா?"